பதினாறரை சென்டிமீட்டர்

எங்கள் நீகாத்தா கிளையின் வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. பெயர்தான் மீன்தொட்டி, உள்ளே முழுக்கச் செடி. தரையில் புல், பின்னால் நீளமாக வளரும் சிவப்புச் செடி, நடுவே இரண்டு கல். மீன்கள் வாடகைக்கு இருப்பது மாதிரி ஓரமாகப் போய்வரும். போன் எடுப்பதற்காக முன் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஹோகாரி சான்தான் ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறார். 'சான்' என்பது இங்கே பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதை.

செப்டம்பரில் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. ஹோகாரி சானுடைய பழைய கத்திரிக்கோலின் திருகு துருப்பிடித்து உடைந்தது. அதே வாரம் டோக்கியோ தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இயக்குநர் கனயாமா நவம்பரில் வருகிறார், வரவேற்பறையில் ஒழுங்கில்லாமல் இருப்பது எதுவானாலும் அதை எடுத்துவிட்டு அங்கே குளிர்பான இயந்திரம் வைக்கப்படும் என்று.

ஹோகாரி சான் அன்றைக்கே விண்ணப்பம் எழுதினார். முப்பது சென்டிமீட்டரில் முனை வளைந்த கத்திரிக்கோல், ஒன்று.

எங்கள் கம்பெனியில் ஒரு குண்டூசி வாங்கினாலும் காகிதம் எல்லா மேஜைக்கும் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். கீழே இருப்பவர் முத்திரையைக் கொஞ்சம் சாய்த்துக் குத்துவார், மேலே இருப்பவரின் முத்திரைக்குக் குனிந்து வணக்கம் சொல்வது மாதிரி. காகிதம் முதலில் நிர்வாகப் பிரிவுத் தலைவர் மருயாமாவிடம் போனது.

"முப்பது எதுக்கு ஹோகாரி சான்? உங்க கையே அவ்ளோ நீளம் இருக்காதே!"

"அதுக்குத்தாங்க கேக்கறேன். தொட்டி நாப்பத்தஞ்சு ஆழம். கட்டைக் கத்திரின்னா முழங்கைய உள்ள விடணும். ஒரு செடிய வெட்டறதுக்குள்ள ரெண்டு செடி வேரோட பேந்து மேல வந்துரும்."

"அது சரி. ஆனா முன் மேஜையில முப்பது சென்டிமீட்டர் இருந்தா, எங்கிட்ட என்ன இருக்கு? ஸ்டேப்ளர்தானே இருக்கு."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் அந்தக் காகிதத்தில் அவருக்கும் ஒரு கத்திரி என்று இன்னொரு வரி சேர்ந்திருந்தது. விற்பனைத் தலைவர் தெராவோ மேஜைக்குப் போனபோது மேலும் ஒரு வரி. கடைசியில் கிளை மேலாளர் இகராஷிக்கு முப்பது, மருயாமாவுக்கு இருபத்தைந்து, தெராவோவுக்கு இருபத்தொன்று, ஹோகாரி சானுக்கு ஒன்பது என்று முடிவானது.

என்னிடம் வந்து காகிதம் நின்றுவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் உதிரி பாகங்களுக்குப் படம் வரைய இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவன் நான். ஒப்பந்தம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அதனால் என் பதவி என்ன என்று யாருக்கும் தெரியாது. முத்திரையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் நேராகவே குத்திக்கொண்டிருக்கிறேன்.

என் நீளத்தை முடிவு செய்ய இரண்டு வாரம் கூட்டம் நடந்தது. மருயாமா பதினைந்து என்றார். தெராவோ பதினெட்டு என்றார். பதினாறரையில் சமாதானமானார்கள்.

சன்ஜோவில் கத்திரி அடிக்கும் பட்டறைக்காரர் போனில் கேட்டார்: "பதினாறரையா? அப்படி ஒரு அளவ யாரும் கேட்டதில்லையே. என்ன செடிக்குங்க?"

"செடிக்கு இல்லைங்க, ஆளுக்கு," என்றார் மருயாமா.

கத்திரிகள் வந்துசேர்ந்தபோது நவம்பர் பிறந்துவிட்டது. தொட்டிக்குள் கல் தெரியவில்லை. மீன் தெரியவில்லை. சிவப்புச் செடி மேலே வந்து முட்டி, படுத்துக்கொண்டு, மறுபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தேநீர் அறையில் என் எதிரே உட்கார்ந்து ஹோகாரி சான் தன் ஒன்பது சென்டிமீட்டரைக் கையில் வைத்துப் பார்த்தார். நகவெட்டிக்கு அண்ணன் மாதிரி இருந்தது.

"மதி சான், இயக்குநர் வெள்ளிக்கிழமை வராரு. இந்தக் கோலத்துல பாத்தா தொட்டி போயிரும். எங்க வீட்டுல மீன் வளக்க விடமாட்டாங்க. இதுங்கள நான் எங்க கொண்டுபோறது?"

"மேலாளர்கிட்டக் கத்திரியக் கேளுங்களேன்."

"அவரோட நீளத்த நான் எப்படிங்க கேக்கறது?"

ஆனால் வியாழக்கிழமை அவரே வந்தார். இகராஷி நல்ல மனிதர். முப்பது சென்டிமீட்டரை மேஜையில் சும்மா வைத்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, தொட்டி முன்னால் நின்றார். கத்திரி நேராகப் புல்லின் வேரை நோக்கி இறங்கியது.

ஹோகாரி சானுக்கு முகம் வெளுத்தது. மேலாளருக்கு அவர் எப்படி வேலை சொல்வது? கண்ணாடிப் பக்கம் குனிந்து மீனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"மீனே, அந்தப் பக்கம் போகாதடா. அங்க வேர் இருக்கு. கொஞ்சம் இடது பக்கம் வாயேன்."

கத்திரி இடது பக்கம் வந்தது.

"இன்னும் மேல. அங்கதான், அந்தக் கணுவுக்கு மேல. ஆங்... சாமர்த்தியமான மீனுடா நீ!"

மேலாளர் வெட்டினார். சிவப்புத் துண்டு மிதந்து மேலே வந்தது.

"மருயாமா, இந்த மீன் சொல் பேச்சு கேக்குதுய்யா," என்றார் இகராஷி, பின்னால் நின்றவர் பக்கம் திரும்பாமலே.

"ஆமாங்க மேலாளர். போன தடவ இருந்த மீன் இவ்ளோ கெட்டி இல்ல."

இரண்டு மணி நேரத்தில் கல் தெரிந்தது. மீன்கள் வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து ஒரே இடத்தில் நின்றன. மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மீனுக்கு ரொம்ப நன்றி," என்று ஹோகாரி சானைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் கனயாமா வந்தார். ஒல்லியாக, குடையை ஊன்றிக்கொண்டு வந்தவர், தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அழகா இருக்கே. யார் வெட்டினது?"

எல்லாரும் மேலாளரைப் பார்த்தோம். மேலாளர் தொட்டியைப் பார்த்தார்.

"நானும் ஒரு இலைய வெட்டிப் பாக்கட்டுமா?"

இயக்குநருக்கு மேலாளரின் முப்பதைக் கொடுக்க முடியாது. இருவரும் ஒரே நீளம் ஆகிவிடுவார்கள். அதைவிட நீளம் கட்டடத்திலேயே இல்லை. மருயாமா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது, வாகன நிறுத்தத்தில் உள்ள பெர்சிமன் மரத்தில் பழம் பறிக்கும் தொரட்டியைத் தூக்கி வந்திருந்தார். மூன்று மீட்டர். நுனியில் கத்திரி, இந்தப் பக்கம் பிடி.

"இயக்குநருக்கு ஏத்தது இதுதாங்க."

கனயாமா தொரட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மூன்று மீட்டரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வரவேற்பறையின் வாசல் வரை பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் நுனி தொட்டிக்குச் சரியாக வந்தது. முன்னால் தொரட்டியைத் தோளில் தாங்கித் தெராவோ, பின்னால் இயக்குநரின் இடுப்பைப் பிடித்து மேலாளர். ஹோகாரி சான் கண்ணை மூடிக்கொண்டு மீனிடம் ஏதோ முணுமுணுத்தார், அது வேண்டுதல் மாதிரிதான் கேட்டது.

'கிளக்' என்று ஒரு சத்தம். சிவப்புச் செடியின் ஒரே ஒரு இலை மிதந்தது. தரையெல்லாம் தண்ணீர். நாங்கள் கைதட்டினோம்.

"இந்தச் செடி என் செடி," என்றார் கனயாமா, காலுறை நனைந்தது தெரியாமல். "அடுத்த வருஷம் வந்து பாப்பேன்."

குளிர்பான இயந்திரம் மாடிப்படிக்கு அடியில் போனது. தொட்டி தப்பித்தது. ஹோகாரி சான் அன்று எல்லாருக்கும் அரிசி பிஸ்கட் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துத்தான் சிக்கல் தெரிந்தது. இயக்குநர் வெட்டிய செடியை அவருக்குக் கீழே இருப்பவர் வெட்டக்கூடாது என்று மருயாமா குறிப்பு அனுப்பினார். செடி குறிப்பைப் படிக்கவில்லை. மேல்மட்டத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. கீழே புல்லுக்கு வெளிச்சமில்லை, பழுப்பு விழ ஆரம்பித்தது.

"இப்படியே விட்டா புல்லு செத்துரும். அப்புறம் தண்ணி கெடும், அப்புறம் மீன்," என்றார் ஹோகாரி சான்.

மதிய உணவு நேரம். மற்றவர்கள் நூடுல்ஸ் கடைக்குப் போயிருந்தார்கள். நான் எப்போதும் போலத் தனியாகச் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். ஹோகாரி சான் தொட்டிப் பக்கம் குனிந்தார்.

"மீனே," என்றார், எனக்குக் கேட்கிற மாதிரி. "இயக்குநருக்குக் கீழ இருக்கறவங்க வெட்டக்கூடாதாம். இந்த ஆபீஸ்ல ஒருத்தர் மேலயா கீழயான்னே யாருக்கும் தெரியாது. ரெண்டு வாரம் கூட்டம் போட்டும் தெரியல. அவரு சாப்பிட்டு முடிச்சுட்டாரான்னு பாரேன்."

பெட்டியை மூடினேன். மேஜை இழுப்பறையில் உறையோடு கிடந்த பதினாறரை சென்டிமீட்டரை எடுத்தேன். மேலே படர்ந்த செடிக்கு அது சரியாக எட்டியது.

"இடது பக்கம், மீனே," என்றார் ஹோகாரி சான்.

"எங்கிட்ட நேராவே சொல்லலாங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படியா? சரி. இடது பக்கம், மதி சான்."