கைதட்டல் ஓயும் வரை

அரங்கின் படிகளில் பாதி ஏறியதும் சாத்தார் நின்றுவிட்டார். எதையோ மறந்துவிட்டு வந்தவரைப் போலத் திரும்பிச் சதுக்கத்தைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பாதி கரைந்த பனியும் அதை மிதித்துக்கொண்டு வரும் கூட்டமும்தான். புருல் கணவரின் முழங்கையைப் பிடித்தாள்.

"மூச்சு வாங்குதா?"

"எத்தனை பேர் வர்றாங்கன்னு பாக்குறேன்."

"பொய் சொல்லாதீங்க. இப்பவே திரும்பிடலாம்."

"நீ வேணா போ, கிழவி. நான் என் பொண்ணைப் பாத்துட்டு வரேன்."

தொலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒருமுறை சரிந்து விழுந்த பனிக்கு அடியில் வண்டியோடு பகல் முழுவதும் கிடந்து, தோண்டி எடுத்தவர்களிடம் முதல் வார்த்தையாகத் தேநீர் கேட்டவர். அந்த மனிதரின் இதயம் இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டது. படி ஏறக் கூடாது, குளிரில் நிற்கக் கூடாது, மனதைக் கலக்கும் எதையும் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றையும் ஒரே மதியத்தில் செய்துவிடுவது என்று அவர் கிளம்பிவிட்டார்.

மகள் ஜிபாருக்கு இது தெரியாது. காலையில் அவள் புறப்படும்போது அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்து, "அப்பாவைக் கூட்டிட்டு வந்துடாதேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "அவர் அங்க உட்கார்ந்திருக்கார்னு தெரிஞ்சா எனக்கு வாத்தியம் கேக்காது. அவர் இருமல்தான் கேக்கும்."

புருல் தலையாட்டினாள். ஜிபாரின் காலடி மாடிப்படியில் மறைந்ததும் சாத்தார் படுக்கையிலிருந்து எழுந்து வெள்ளைச் சட்டையைத் தேடத் தொடங்கினார்.

'மேய்ச்சல் நிலத்து மணமகள்' அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்த வீட்டுச் சங்கதி போல. புருல் சிறுமியாக இருந்த காலத்தில் அதே மேடையில் ஏறிய பாட்டு நாடகம். மாப்பிள்ளை பிடிக்காத பெண் திருமணத்தன்று குதிரையேறி மலைக்குப் போய்விடுகிற கதை. அதன் பாட்டுகளைப் பாடாத கல்யாண வீடு இல்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு அதை மறுபடி மேடையேற்றுகிறார்கள். மணமகளாகத் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து பெயர்பெற்ற பாடகி ஒருத்தி வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவளுக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. குழுப்பாட்டில் பின்வரிசையிலேயே நின்று நாற்பதைத் தொட்டுவிட்ட ஜிபாரை இயக்குநர் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

அந்த ஊர்ப் பார்வையாளர்களைப் புருலுக்கு நன்றாகத் தெரியும். பிடித்தால் மேடையில் பூக்களைக் குவிப்பார்கள். பிடிக்காவிட்டால் நாயகன் செத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து பேருந்தைப் பிடிக்கப் போவார்கள். அவளுக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

கடைசிக்கு மூன்று வரிசை முன்னால், ஓரமாக உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குனிந்தாள். தங்கப்பல், மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"அண்ணா, அந்தக் கல்பாக்கைக் கொஞ்சம் கழட்டினா நாங்களும் நாடகம் பாப்போம்."

"கழட்டினா மண்டையில இருக்கிற கொஞ்ச நஞ்சமும் பறந்துடும்மா" என்று சொல்லிக்கொண்டே சாத்தார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தப் பெண் சிரித்தாள். சாத்தார் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். இருமலை அடக்க அதுதான் அவர் கண்டுபிடித்த வழி.

முதல் மெட்டு கேட்டதும் முன்வரிசைக் கிழவர்கள் "ஆங்" என்று நிமிர்ந்தார்கள். ஜிபார் மேடைக்கு வந்தாள். கூடம் முழுக்க ஒரு மௌனம். நல்ல மௌனம் அல்ல.

"இவளா பொண்ணு?" என்று பின்னால் ஒரு குரல். "பொண்ணோட அம்மா வருதுன்னு நினைச்சேன்."

சுற்றிலும் கிளுகிளுத்தார்கள். புருலின் காது மடல் சுட்டது. சாத்தார் திரும்பவில்லை. ஜிபாரின் முதல் பாட்டு நடுக்கத்தோடுதான் வந்தது. யாருடைய செல்பேசியோ அலறியது. மேல்மாடத்திலிருந்து ஒருத்தன் சீழ்க்கை அடித்தான். புருல் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ எழுந்து போகப் போகிறார்கள், இருக்கைகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் கேட்கப் போகிறது என்று காத்திருந்தாள்.

கேட்டது வேறு சத்தம். தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் சமோவாரின் மூடி மேடையில் உருண்டது. கை தவறியிருக்க வேண்டும். ஜிபார் அதைக் குனிந்து எடுத்து, மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்து, "பறக்காதீங்க மாப்பிள்ளை, தண்ணி இன்னும் கொதிக்கல" என்றாள்.

கூடம் அதிர்ந்தது. சீழ்க்கை அடித்தவனே விழுந்து விழுந்து சிரித்தான். சாத்தார் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இது நாடகத்துல கிடையாது, கிழவி. வீட்டுல என்னைச் சொல்றதையே அங்க சொல்றா."

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் முகம் மாறியது. இடது கை மார்பைத் தேடியது. புருல் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். இருட்டில் அவர் நெற்றியைத் தொட்டபோது விரல்கள் நனைந்தன.

"எழுந்திரிங்க. போகலாம்."

"உட்காரு."

"நான் யாரையாவது கூப்பிடுறேன்."

"விளக்கைப் போடுவாங்க. நாடகத்தை நிறுத்துவாங்க. இவ இப்பத்தான் அவங்களைப் பிடிச்சிருக்கா." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கணவாய்ல பாதி வழியில வண்டியை நிறுத்தினா அதுக்கப்புறம் நகராது. உட்காரு, புருல்."

எப்போதும் கிழவி என்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

இடைவேளையில் அவர் நிறம் சற்றுத் தெளிந்திருந்தது. தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி அவள் எழுந்தாள். தண்ணீருக்காக மட்டும் அல்ல. வெளிக்கூடத்தில் நகர இடமில்லை. "பழைய நாடகத்துப் பொண்ணு இன்னும் மேல போவா, சுருதியில." "இவளும் பரவாயில்லைப்பா. குரல்ல ஒரு வலி இருக்கு." "எங்க இருந்தா இத்தனை நாள்?" நெரிசலில் அந்தப் பேச்சுகளெல்லாம் அவள் மேல் மோதின. வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொன்றையும் தலைத்துணியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

கோட்டுகளை வாங்கி மாட்டும் பெண்ணிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தொலைபேசி இருந்தது. புருல் அவள் முன்னால் போய் நின்றாள். தூண் ஓரமாக அரங்கத்து ஆட்கள் இருவர் புகைத்தபடி நின்றார்கள்.

"கடைசிப் பாட்டைத் தாங்குவாளா?"

"கை காலெல்லாம் நடுங்குது உள்ள. சின்னதா ஏதாவது ஆனாப் போதும், உடைஞ்சிடுவா. அதோட சரி, அப்புறம் ஆயுசுக்கும் பின்வரிசைதான்."

"என்ன வேணும் அக்கா?" என்று கோட்டுப் பெண் கேட்டாள்.

புருல் வாயைத் திறந்தாள்.

"தண்ணி" என்றாள்.

இரண்டாம் பாதியில் கூட்டம் முழுக்க ஜிபாரின் பக்கம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வழுக்கி விழுந்தபோது சிரித்தார்கள். அவள் மாமியாரை எதிர்த்துப் பேசியபோது பெண்கள் "அப்படிக் கேளு" என்று குரல் கொடுத்தார்கள். சாத்தாரும் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, தனியாக, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனது. புருல் மேடையைப் பார்க்கவே இல்லை. அடுத்த சிரிப்புக்காக மட்டும் காத்திருந்தாள். அது வந்ததும் மூச்சு விட்டாள்.

பிறகு மேடை இருண்டது. ஒற்றை வெளிச்சத்தில் ஜிபார் குதிரைக் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரறிந்த பாட்டு அது. அவள் வாத்தியமில்லாமல் தொடங்கினாள். விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றது. இரண்டாவது அடியில் முன்வரிசையில் ஒரு கிழவர் சேர்ந்துகொண்டார். பிறகு இன்னொருவர். பிறகு கூடம் முழுவதும், அடங்கிய குரலில், அவளைத் தாங்கிப் பிடிப்பதுபோல. சாத்தாரின் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. பாட்டு மலை உச்சியை நோக்கித் திரும்பும் இடத்தில் அவர் தலை மெல்லப் புருலின் தோளில் சாய்ந்தது. கனமாக.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால்தான் அது நடந்ததாக ஆகும் என்பதுபோல அவள் நேராகவே பார்த்தாள். அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. அவற்றில் பிடி இல்லை. மேடையில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். புருல் தன் தொண்டையிலிருந்து கிளம்பியதை விழுங்கினாள். மறுபடி கிளம்பியது. மறுபடி விழுங்கினாள்.

பாட்டு முடிந்ததும் எழுந்துவிட்டார்கள். மொத்தக் கூடமும் நின்று ஒரே தாளத்தில் கைதட்டியது. முதுகுகளும் கோட்டுகளும் ஒரு சுவராகச் சுற்றி எழ, அதற்குள் அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, பிடிக்கலையா?" என்று பின்னாலிருந்த பெண் கத்திக் கேட்டாள்.

"இவர் தூங்கிட்டார்."

"இந்தச் சத்தத்துலயா!" அந்தப் பெண் சிரித்தபடி தட்டிக்கொண்டே இருந்தாள்.

தட்டட்டும் என்று புருல் நினைத்தாள். இந்தச் சத்தம் இருக்கிறவரை ஜிபார் மேடையில் குனிந்து வணங்கிக்கொண்டிருப்பாள். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். தட்டல் சற்றுத் தளர்ந்தது. யாரோ மேல்மாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அவளும் கைகளைச் சேர்க்கப் பார்த்தாள். ஒரு கை அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றது.

யாரோ உள்ளே போய்ச் சொல்ல, மணமகளின் உயர்ந்த தொப்பியோடும் மணிகளோடும் ஜிபார் இருக்கைகளுக்கு நடுவே ஓடி வந்தபோது கூடம் காலியாகியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான்" என்றாள் புருல். "எல்லாரும் தட்டும்போது."

மறுநாள் அடுக்குமாடிகளுக்கு நடுவே முற்றத்தில் இழவுக்கான கம்பளிக் கூடாரம் எழுந்தது. அதற்குள் திரைக்குப் பின்னால் சாத்தாரைக் கிடத்தினார்கள். ஜிபாரும் புருலும் கருப்பு உடுத்து, வழக்கப்படி வாசலுக்கு முதுகு காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெளியே ஆண்கள் "ஐயோ என் அண்ணா" என்று கதறியபடி வந்தார்கள். ஒவ்வொரு கதறலுக்கும் ஜிபார் உள்ளிருந்து ஒப்பாரியால் பதில் சொன்னாள். பனியை விலக்கி ஊருக்கெல்லாம் வழி விட்டவரே, உமக்கு யார் வழி விட்டார் என்று பாடினாள். நேற்றைய குரல் இல்லை. கரகரத்து, அடிக்கடி உடைந்து போன குரல்.

வந்த பெண்கள் அழுதுவிட்டு, ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டதும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "உன் பொண்ணு எல்லாரையும் கட்டிப் போட்டுட்டா, புருல். இந்த நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல." புருல் ஒவ்வொரு முறை வாசல் கம்பளம் விலகும்போதும் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அரங்கில் எத்தனை இருக்கைகள். எத்தனை கண்கள்.

இரண்டாம் நாள் உடலை எடுப்பதற்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். தங்கப்பல் பெண். புருலைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள்.

"அக்கா, நான் பாவி. அந்தப் பாட்டு நடுவுலயே அவர் உங்க தோள்ல சாய்ஞ்சாரே, பாத்துட்டுத்தானே இருந்தேன். தூங்குறார்னு நினைச்சுட்டேன். முன்னமே தெரிஞ்சிருந்தா நான் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேனே."

ஜிபாரின் ஒப்பாரி பாதி வார்த்தையில் நின்றது.

வெளியே ஆண்கள் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து பதில் வராததால் கதறலும் தடுமாறி அடங்கியது. புருல் சுவரின் கம்பளி முடிச்சு ஒன்றையே பார்த்தாள். பக்கத்தில் மகளின் தோள் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அவள் எழுந்து நிற்கப் போகிறாள், எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள். கேட்கட்டும் என்றும் நினைத்தாள்.

ஜிபார் மூச்சை இழுத்தாள். விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. வந்தவர்கள் வெளியே அடுப்புப் பக்கம் போய்விட, கூடாரத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். உடல் கிடந்த இடத்தில் கம்பளம் அமுங்கியிருந்தது.

"பாட்டுல எந்த இடம்?" என்று ஜிபார் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டேதான்.

"மலைக்குத் திரும்புற இடம்."

"அதுக்கு முன்னாடியே வலி வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்போ?"

"சமோவார் மூடி விழுந்துச்சே. அப்போ."

வெளியே யாரோ பாத்திரத்தைத் தேய்த்தார்கள்.

"நான்தான் கூட்டிட்டு வராதேன்னு சொன்னேனே அம்மா."

"சொன்னே."

"அப்புறம் ஏன் யாரையும் கூப்பிடல?"

அவர் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. புருல் அதைச் சொல்லவில்லை.

"நீ பாடிட்டிருந்தே" என்றாள்.

ஜிபார் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள். கருப்புத் துணி நழுவியதில் காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், மேடைப் பூச்சு கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருப்பது தெரிந்தது. மணப்பெண்ணின் சிவப்பு. இரண்டு நாளாக யாரும் கவனிக்கவில்லை.

புருல் துண்டின் நுனியைக் கெண்டியிலிருந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். அந்த இடத்தில் வைத்ததும் ஜிபாரின் கழுத்து விறைத்தது. புருலின் கை அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, தேய்க்கவும் இல்லை.

சற்று நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, ஜிபார் தலையை மறுபக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.