பேர் போடாத தாள்

திண்டிவனத்தில் எங்கள் இளைஞர் குழு ஞாயிறுதோறும் கூடும். விடுதிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அந்த வாரம் நான் வைத்த விளையாட்டு: 'நான் யார்' என்று எழுத வேண்டும், பேர் போடக் கூடாது. தாள்களைக் கலந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பார். வாய் திறக்காத பிள்ளையும் இதில் திறந்துவிடும் என்று நான்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கலைப்பிரியா எழுதமாட்டேன் என்றாள். விடுதியில் தன் ஊர் வளவனூர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர் என்பது எனக்கு மட்டும் தெரியும். பத்தாவதில் மீன் நாற்றம் என்று பெஞ்சைத் தள்ளிப் போட்டார்களாம். இங்கேயும் தெரிந்தால் படிப்பை விட்டுவிடுவேன் என்றிருந்தாள்.

"பேரே இல்லியே, யாருக்குத் தெரியப்போவுது? மனசுல கெடக்கறத எழுதும்மா," என்றேன். எழுதினாள்.

தாள்களைக் கலந்து கொடுத்தாயிற்று. முதல் தாள் "அங்காளம்மன் துணை" என்று ஆரம்பித்ததுமே, "வேணி!" என்று எல்லோரும் கத்தினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரீட்சையோ லீவு லெட்டரோ, தலையில் குலசாமியை எழுதாமல் எங்கள் பிள்ளைகளின் பேனா நகராது. பேரை மறைக்கச் சொன்ன மகா புத்திசாலி நான், சாமியை மறந்துவிட்டேன்.

"மேல் வரிய உட்டுட்டுப் படிங்க," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிரவீன்குமார் எழுந்து படித்துவிட்டான்: "மேட்டுக்குப்பம் கங்கையம்மன் துணை." சுற்றிப் பார்த்தான். "குப்பமா? நம்மள்ல யாருடா?"

கலைப்பிரியா என்னைப் பார்த்தாள். தாளைப் பிடுங்கினால் நானே காட்டிக்கொடுத்ததாகும். விட்டால் அடுத்த வரி காட்டிக்கொடுக்கும்.

அவளே எழுந்து போனாள். "குடு. என்துதான்."

குரல் உடைய உடைய முழுவதையும் படித்தாள். கடைசி வரி: 'அப்பா ஸ்கூலுக்கு வந்தப்ப சித்தப்பான்னு சொல்லிட்டேன். அவரும் ஆமான்னாரு.'

பிறகு பிரவீன்குமார், "நீ கடலுக்குள்ள போயிருக்கியா?" என்றான்.

"ஒரு தபா. வாந்தி எடுத்துக்கினே இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

கிளம்பும்போது தாளை என்னிடம் நீட்டினாள். "பேரு போடாதன்னீங்க. சாமியப் போடாதன்னு சொல்லலியேக்கா."

"தப்பு என்துதாம்மா," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வருவாளா என்று கலங்கியபடியே தாளைப் பிரித்தேன். அடியில் புதிதாக எழுதியிருந்தாள்: அ. கலைப்பிரியா, த/பெ அப்பாதுரை, மேட்டுக்குப்பம்.