நிம்மியின் போன்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். இரண்டு போன்களையும் சார்ஜரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ஒன்று என்னுடையது, மற்றது நிம்மியுடையது. என் மனைவி நிம்மி இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். தினமும் சார்ஜ் போடுகிறேன். திறந்து பார்ப்பதில்லை.

பால் வாங்கக் கீழே இறங்கினேன். கடைசி ஐந்து படிகளைக் காணவில்லை.

ஏரிக்கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்திருந்தது. பால் பாக்கெட், காலி சிலிண்டர், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் சேர்ந்து மெயின் ரோடு பக்கம் போய்க்கொண்டிருந்தன. கீழ் வீட்டில் கட்டில்மேல் நாற்காலி, நாற்காலிமேல் ரூபா. ஒன்பது மாதக் கர்ப்பிணி. அவள் மாமியார் லீலாம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று நாற்காலியைப் பிடித்திருந்தார்.

"வாங்க தம்பி. மீனு வூடு தேடி வந்துருக்குது. நாங்க சுத்த சைவமுங்க."

இருவரையும் மேலே என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ரூபாவின் கணவர் செந்தில்நாதன் நஞ்சன்கூட்டில் நைட் ஷிப்ட். கபிலை ஆறும் பொங்கி நஞ்சன்கூடு ரோட்டை மூடிவிட்டார்கள். "பாக்டரி கேன்டீன்ல இட்லி தின்னுட்டு இருப்பான் மவராசன்" என்றார் லீலாம்மா.

எட்டு மணிக்கு ரூபா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். லீலாம்மாவின் சிரிப்பு நின்றது.

"சூட்டு வலி இல்லீங்க தம்பி, இது நெசம். கொழந்த கால் முன்னாடி இருக்குது, ஆபரேசன்தான்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. வூட்ல வெச்சுப் பாக்க முடியாது."

ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைதான் வந்தது. நடுவில் அரை கிலோமீட்டர் தண்ணீர். டிராக்டரில் கொண்டுவந்தால் ஏற்றிக்கொள்வதாக டிரைவர் சொன்னார். டிராக்டர் என்றால் நஞ்சுண்டசாமி. எங்கள் தெருவின் எல்லா வீடுகளுக்கும் செங்கல் இறக்கியவர். வீடு மேட்டில். நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

"உங்க நம்பர்லயா அண்ணா? மழை வந்தா ஊரே அவருக்குத்தான் போன் பண்ணும். தெரியாத நம்பர் எடுக்கவே மாட்டாரு" என்றாள் ரூபா. "நிம்மி அக்கா பண்ணா எடுப்பாரு."

சொன்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலியா, வேறா, தெரியவில்லை.

நிம்மியின் போனை எடுத்தேன். பின் நம்பர் 1234. என் மனைவிக்கு ரகசியம் காக்கத் தெரியாது. அவள் நர்ஸ், வேலை நேரம் போக மீதி நேரத்தில் தெருவுக்கே நர்ஸ். பெயர்ப் பட்டியல் திறந்தது. 'உமேஷ் பாம்பு பிடிப்பார்.' 'பிளம்பர் வரமாட்டான்.' 'லாய்ட் எடுக்கமாட்டான்.' அது நான். அதன் கீழே 'நஞ்சுண்டசாமி டிராக்டர் மாத்திரை போடமாட்டார்.'

இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

"மாத்திரை போட்டாச்சு சிஸ்டர்!"

மழை மட்டும் கேட்டது.

"யா... யாரு?"

"லாய்ட். நிம்மி வீட்டுக்காரர்."

"ஐயோ சிவனே! என் கையாலயே அவங்களுக்கு மண்ணு போட்டவன் சார். அவங்க பேரு வந்துச்சு. எடுக்காம இருக்க பயம், எடுக்கவும் பயம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல சார்."

"போட்டுட்டு டிராக்டர எடுத்துட்டு வாங்க. ரூபாவுக்கு வலி."

"ஹத்தே நிமிஷ சார். பத்தே நிமிஷம்."

இருபது நிமிடத்தில் வந்தார். டிரெய்லரில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டினோம். ரூபா உட்கார்ந்தாள். லீலாம்மா குடை பிடித்தார். நான் நாற்காலியைப் பிடித்தேன். மொட்டை மாடிகளில் நின்றவர்கள் தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கத்தினார்கள். "சிஸ்டர் நம்பருக்குப் போன் போடுங்க!" என்று நஞ்சுண்டசாமி திருப்பிக் கத்தினார். அந்த எண் எல்லாரிடமும் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை முழுக்க நிம்மியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு இன்சுலின். ஒருவருக்குக் குடிதண்ணீர். ஒருவர் வீட்டு அலமாரியில் பாம்பு. அதை உமேஷுக்குச் சொன்னேன். மற்றவற்றை நஞ்சுண்டசாமிக்குச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர், "போட்டாச்சு சார், நெஜமாவே" என்றுதான் ஆரம்பித்தார்.

பதினொன்றரைக்குப் பெண் குழந்தை. தாயும் நலம். லீலாம்மா அழுது, சிரித்து, செந்தில்நாதனைப் போனில் திட்டி, உட்கார்ந்தார். நான் சுவர் ஓரமாகப் பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருந்தேன்.

"செத்த ஒக்காருங்க தம்பி. காலையிலிருந்து அந்தப் போனையேதான் கட்டிக்கிட்டு அழுவுறீங்க."

"சார்ஜ் தீரப்போகுது."

"தீந்தாத் தீரட்டும்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏந்தம்பி, நிம்மி 'இயேசுவே'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சுன்னு உங்க மாமியார் சொன்னாங்க. பக்கத்துல இருந்தது நீங்கதான?"

என் மாமியார் மரியபுஷ்பம் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் மறுத்ததில்லை. ஐ.சி.யூ. வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். நிம்மி போனை என் கையில் கொடுத்தாள். அப்போது அவள் சொன்னதுதான் கடைசி வார்த்தை. அதை முதல்முறையாக லீலாம்மாவிடம் சொன்னேன்.

"சார்ஜ்ல போடுப்பா. ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு. யாராவது கூப்பிடுவாங்க."