இறங்காத கலப்பை

கலப்பை இறங்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தங்கை வீட்டுப் பழைய டிராக்டர் அது. இஞ்சினை நிறுத்தினால், தூக்கி வைத்த கலப்பை மெல்ல மெல்ல மண்ணுக்கு வந்துவிடும். கலப்பையைத் தூக்கும் சிலிண்டருக்குள் எண்ணெய் கசிகிறது என்று பிஸ்டனின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். இறங்கியது. அதை ஒட்டி ஒரு தோல் வளையமும் போட்டேன். அப்போதும் இறங்கியது. இன்று மறுபடி பிரித்து, எதையும் மாற்றாமல், துடைத்து அப்படியே பூட்டினேன். நிற்கிறது.

தங்கையின் கணவர் ஸ்பேனரோடு வந்தார்.

“என்ன மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க? நிக்குதுல்ல?”

“நிக்குது மாப்ள. ஏன் நிக்குதுன்னுதான் தெரியல.”

“விழுந்தா ஏன் விழுதுங்கிறீங்க, நின்னா ஏன் நிக்குதுங்கிறீங்க. உங்க தங்கச்சியும் இப்படித்தான். சண்டை போட்டாலும் சந்தேகம், போடலைன்னாலும் சந்தேகம்.”

“காரணமில்லாமலா?” என்றாள் தங்கை, வாசலிலிருந்து.

மாறியிருக்கக்கூடியது ஒன்றுதான். தோல் வளையம் எண்ணெய்க்கு மறுபக்கம், ரப்பருக்கு முட்டுக்கொடுத்து இருக்க வேண்டும். பக்கம் மாறிப் போட்டால், புது ரப்பர் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு கிழியும். கலப்பை ஒரே மூச்சில் விழும். இன்று எந்தப் பக்கம் போட்டேன்? விரல்களைப் பார்த்தேன். அவற்றுக்கும் நினைவில்லை. போனமுறை தப்பாகப் போட்டு இன்று சரியாகப் போட்டேனா? அல்லது நேர்மாறா? அப்படியென்றால் போனமுறை ஏன் இறங்கியது? யோசிக்க யோசிக்கச் சிக்கல்தான் கூடியது.

அதற்குள் மாப்பிள்ளை கொழுவின் போல்ட்டை இறுக்கக் கலப்பைக்கு அடியில் நுழைந்துவிட்டார். முட்டுக்கட்டை வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தேன்.

“அட, சொந்த மச்சானே காலை வாரினா எப்படி?”

லீவரைத் தள்ளிக் கலப்பையை இறக்கினேன். சிலிண்டரின் மூடியைக் கழற்றத் தொடங்கினேன்.

“நல்லா இருக்கறதைப் போய்ப் பிரிக்கிறாரே! இவரை யாராவது கேளுங்களேன்.”

பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தோல் வளையம் சரியான பக்கத்தில்தான் இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தால், முன்பு இறங்கியது எதனால்? இனி இறங்காது என்று எதை வைத்துச் சொல்வது?

“சரியாத்தானே இருக்கு? பூட்டுங்க மச்சான்.”

“தெரியல மாப்ள. கட்டை வைக்காம அடியில போகமாட்டேன்னு சொல்லுங்க, பூட்டறேன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

தங்கை கொட்டகைக்குள் போனாள். தடித்த மரக்கட்டை ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து கணவர் காலருகே போட்டாள்.

“இது இல்லாம அடியில போனா, வண்டிச் சாவி என் இடுப்புலதான் இருக்கும். நீ பூட்டுண்ணே.”

“அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தாச்சு. இனி என் பேச்சு எடுபடாது. வைக்கிறேன், போதுமா?”

பூட்டினேன். தோல் வளையம் எந்தப் பக்கம் போகிறது என்று இந்த முறை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.