பஞ்சர் ஆகாத ஜீப்பு

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. இரவில் தூறிக்கொண்டிருந்த மழை விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைகள் இடுப்புக்கு மேல் மேகத்தில் மறைந்திருந்தன. காற்றில் குளிர் மிகுந்திருந்தது.

ஏலத்தோட்டத்திற்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்கள் தத்தம் தூக்குச் சட்டிகளை மடியில் ஏந்தி, ஜீப்பினுள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். ஜீப்போ புறப்படவில்லை. ஓட்டுநரான விஜயபாண்டியும் அவன் மனைவி பொன்னுமணியும் பின்புறம் நின்று வழக்காடிக்கொண்டிருந்ததே தாமதத்திற்குக் காரணமாகும்.

"நான் குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறேன். எனக்கு முன்னாடியே வெள்ளச் சேலை கட்டுவியா நீ?"

"ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் வெள்ளதான்யா கட்டுறாக."

"விஜயபாண்டி போய்ச் சேந்துட்டான்னு ஊரே மாலையோட வந்து நிக்கும்டி!"

பொன்னுமணியின் அண்டை வீட்டுக்காரியான பாண்டீஸ்வரி ஜீப்பினுள்ளிருந்து தலையை நீட்டினாள். "அண்ணே, மாலைய நாங்களே கொண்டாறோம். நீங்க மொதல்ல வண்டிய எடுங்க. தோட்டத்துக் கேட்டப் பூட்டிட்டாய்ங்கன்னா அம்புட்டுப் பேரு சோலியும் போச்சு."

முடிவில், இளமஞ்சள் சேலை என்று இருவரும் உடன்பட்டனர். ஜீப்பு புறப்பட்டது.

பொன்னுமணி பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள சிறிய ஜெபவீட்டிற்குச் செல்லத் தொடங்கி ஆறு மாதங்களே ஆகியிருந்தன. புதிதாக விசுவாசத்திற்கு வந்தோருக்குரிய பாடங்களை பாஸ்டர் விஜயகுமார் அவளுக்கு ஒவ்வொன்றாகக் கற்பித்தார். எழுந்தவுடன் ஜெபிக்க வேண்டும்; உண்ணுமுன் நன்றி சொல்ல வேண்டும்; தீங்கு செய்தவரை மன்னிக்க வேண்டும்; பொய் பேசலாகாது; ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வர வேண்டும். முதல் நான்கும் அவளுக்கு எளிதாகவே தோன்றின. கடைசிப் பாடத்தில்தான் சிக்கல் எழுந்தது. காய் எடுப்புக் காலத்தில் தோட்டத்திற்கு ஞாயிறும் வேலை நாளே. காலை ஏழரைக்கு வாயிற்கதவு பூட்டப்படும். ஒரு ஜீப்பில் வருவோர் அனைவரும் ஒரே குழுவாதலால், தாமதித்தால் குழு முழுவதும் திரும்ப வேண்டும். அன்றைய கூலியும் இல்லை.

ஞானஸ்நானத்திற்கும் இதே சிக்கல்தான். மாலையில் முழுக்குப் பெறலாமென்றால், மலையில் மழை பிடித்து ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். இதற்கு வழி கண்டவள், மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் தீச்சட்டி எடுக்கும் பாண்டீஸ்வரியே. "ஆறு போற வழியிலதான இருக்கு? நிப்பாட்டு, முக்கு, ஏத்து. இதுக்குப் போயி ஏன் மண்டையக் கொழப்புறீக?" என்றாள்.

அவ்வாறே குரங்கணிக்குக் கீழே பாஸ்டரும் சபையார் சிலரும் ஆற்றோரம் காத்திருந்தனர். பொன்னுமணி இடுப்பளவு நீரில் இறங்கியதும் பற்கள் தந்தியடித்தன. பாஸ்டர் அவள் தலைமீது கை வைத்து ஜெபிக்கலானார். அவருடைய ஜெபம் போடியை வாழ்த்தி, தேனி மாவட்டத்தை வாழ்த்தி, தமிழ்நாட்டின் எல்லையைக் கடக்கும் தறுவாயில், சாலையிலிருந்து விஜயபாண்டி ஹாரனை நீளமாக அழுத்தினான்.

"ஆமென்" என்றார் பாஸ்டர். அவளை நீரில் முழுக்கி எடுத்தார்.

பெண்கள் சேலையொன்றைத் திரையாகப் பிடிக்க, அவள் வேலைக்குரிய உடைக்கு மாறினாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. எனினும் அவளால் சிரிப்பை அடக்க இயலவில்லை.

"என்ன மதினி, உள்ள போயிச் சாமியப் பாத்தியா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"பாக்க எங்க விட்டாரு ஒங்க அண்ணன்? அதுக்குள்ள ஹாரன அடிச்சிட்டாரே!"

இருந்தபோதிலும் ஜீப்பு தாமதித்துவிட்டது. அத்தோட்டத்தில் தாமதத்திற்கு ஒரே ஒரு காரணம் மட்டும் ஏற்கப்பட்டு வந்தது: பஞ்சர். மலைப்பாதையில் டயர் பஞ்சராவது கடவுள் செயல் என்று மேனேஜரே கூறியிருந்தார். ஆதலால் கடைசி வளைவில் விஜயபாண்டி வண்டியை நிறுத்தி, இரு கைகளிலும் கிரீஸை நன்றாகப் பூசிக்கொண்டான்.

வாயிற்கதவு பூட்டியிருந்தது. உள்ளே, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி செவியைத் தீட்டி நின்றார். வாட்ச்மேன் ஜக்கையன் கிரீஸ் படிந்த கைகளைக் கண்டதும், சாவியைப் பூட்டினுள் நுழைத்துவிட்டார்.

"பஞ்சருதான?"

"பஞ்சரு, பஞ்சரு" என்றனர் பெண்கள் அனைவரும்.

வழக்கப்படி ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கதவோரம் அமர்ந்திருந்தவளை அவர் நோக்கினார். "பொன்னுமணி, பஞ்சருதானத்தா?"

பாண்டீஸ்வரி அவளுடைய தொடையில் கிள்ளினாள். பொன்னுமணியின் கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே. ஆத்துல ஞானஸ்நானம் எடுத்துட்டு வர்றேன். என்னாலதான் லேட்டு. நான் வெளிய நிக்கிறேன், இவுகள உள்ள விட்ருங்க."

ஜக்கையன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா தலைய ஆட்டியிருந்தாக்கூடப் போதுமேத்தா! கங்காணி காதுல விழுந்துருச்சு. இப்பத் தெறந்தா எஞ்சோலி போயிரும். ஒரு ஆள மட்டும் நிறுத்துறதுக்கும் ரூல்ஸ் இல்ல." சாவி வெளியே வந்தது.

"ஏன்டி, முழுகுன தலையே இன்னும் காயல. நெசம் பேசுறத நாளையிலருந்து ஆரம்பிக்கக் கூடாதா?" என்று பாண்டீஸ்வரி சீறினாள்.

"என்னைய மன்னிச்சிருங்கத்தா."

"மன்னிக்கிறதெல்லாம் ஒங்க பாடத்துலதான இருக்கு? எங்களுக்கு அது நடத்தல." இவ்வாறு கூறிக்கொண்டே அவள் தன் துண்டை எடுத்து, பொன்னுமணியின் தலையை முரட்டுத்தனமாகத் துவட்டத் தொடங்கினாள். முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஜீப்பே குலுங்கியது. விஜயபாண்டி மட்டும் தன் கைகளைப் பார்த்து, "இந்தக் கிரீஸு மூணு நாளைக்குப் போகாதேடி" என்று புலம்பினான்.

அவ்வமயம் உள்ளிருந்து ஒரு வெண்ணிறக் கார் வந்தது. ஜக்கையன் சங்கிலியை அவிழ்த்துக் கதவை அகலத் திறந்தார். காரை ஓட்டி வந்த மேனேஜர் கேரளத்துக்காரர். சலவை மடிப்புக் கலையாத சட்டை அணிந்திருந்தார். அருகில் மனைவி, பின்னிருக்கையில் பிள்ளைகள், கண்ணாடியோரம் தோலுறையிட்ட வேதாகமம். கண்ணாடி இறங்கியது.

"எந்தா, இவங்க ஏன் வெளியே?"

"லேட்டுங்கய்யா. இந்தப் பொண்ணு காலைல ஞானஸ்நானம் எடுத்துச்சாம்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்படியோ? ஸ்தோத்ரம்! ரொம்ப சந்தோஷம், மோளே. இனி ஒரு காரியம் ஓர்மையில வச்சுக்கணும். ஞாயிறாழ்ச்ச ஆராதனைய மட்டும் ஒரு நாளும் முடக்கக் கூடாது, கேட்டோ?"

பொன்னுமணி கைகளைக் குவித்தாள். "சரிங்கய்யா."

"அப்ப கேட்டத் தெறக்கச் சொல்றீகளா, ஐயா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"நாளைக்கு நேரத்தோட வாங்க" என்றார் மேனேஜர். ஆராதனைக்கு நேரமாவதை மனைவி நினைவூட்டினாள். கண்ணாடி ஏறியது, கார் வளைவில் இறங்கி மறைந்தது.

ஜக்கையன் பெண்களின் முகத்தைப் பாராமல் கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். அப்பொழுது மணி காலை எட்டு பன்னிரண்டு.