எண்ணெய்க் கைக்கு அடங்காத பெட்டி

பெட்டி நகர்ந்தது! மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்த பக்கமெல்லாம் திரையில் அந்தச் சின்னப் பெட்டி பின்னாலேயே வந்தது. மேலே, கீழே, கடிகாரம் இருக்கும் மூலை வரைக்கும். குற்றாலத்து லாட்ஜ் ரிசப்ஷன் என்பதை மறந்து "ஹய்யா!" என்று கத்திவிட்டேன். சாவிகளை மாட்டிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி சங்கரேஸ்வரி, இது என்னட்டி, நாய்க்குட்டி மாதிரி கூடவே வருது?"

"வரும்க்கா. எங்கன கூப்புட்டாலும் வரும்."

அக்காவுக்கு இது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பெட்டி தாக்குப்பிடித்தால், தனக்குத் தெரிந்த லாட்ஜுகளுக்கெல்லாம் என்னையே செய்துதரச் சொல்வதாக முதலாளி நாறும்பூநாதன் அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அப்படி நடந்தால் தென்காசியில் ஒரு அறை பிடித்து என் பேரில் போர்டு மாட்டுவேன். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பொதிகை ரயிலில் ஏறிச் சென்னைக்கு, பழைய கம்பெனிக்கே போகவேண்டும். என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் டிக்கெட்கூட எடுத்துவிட்டார். எனக்குச் சென்னைக்குப் போகப் பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'குளிக்கலாம்', 'தடை' என்று இரண்டு பொத்தான்கள். தண்ணீர் கூடித் தடை போட்டால் அருவிக்கரையில் நிற்கும் அண்ணாச்சியின் ஆள் போன் செய்வான். இங்கே 'தடை'யை அழுத்தினால், சோதனைக்காகப் பெட்டியைப் போட்டிருக்கிற பக்கத்து லாட்ஜுகளிலும் அந்த வரி சிவந்துவிடும். துண்டும் பிள்ளைகளுமாகக் கிளம்புகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம். முதலில் எல்லா விண்டோவையும் போல மேல்பட்டை, மூடுவதற்குப் பெருக்கல் குறி எல்லாம் வைத்துத்தான் செய்தேன். ரிசப்ஷனில் இருப்பவர்கள் கைபோன போக்கில் அந்தக் குறியை அழுத்தி மூடிவிட்டு, "பொட்டியக் காணும்" என்று எனக்குப் போன் போட்டார்கள். எரிச்சலில் ஓரம், பட்டை, குறி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். அப்புறம்தான் வந்தது வினை. பிடித்து நகர்த்தப் பட்டையே இல்லாததால் பெட்டி ரூம் பதிகிற திரைக்குக் குறுக்கே நந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டது. உடம்பில் எங்கே பிடித்தாலும் நகரட்டும் என்று எழுதினால், தொட்டவுடன் துள்ளி அதன் மூலை மவுஸ் முனையில் வந்து ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள் எந்த இடத்தில் பிடித்தோம் என்பதை அது முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். இலத்தூரில் எங்கள் வீட்டில் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது இங்கே என்னமாய் ஓடுகிறது! பெருமையாக இருக்காதா?

அப்போது போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"அண்ணாச்சி, அஞ்சருவில தண்ணி கூடிட்டாம்! தடை போடச் சொல்லுதான்."

அண்ணாச்சி அப்போதுதான் பின்கட்டில் மசாஜ் முடித்து, அருவிக்குக் கிளம்ப இடுப்புத் துண்டோடு வந்து நின்றார். தோளெல்லாம் எண்ணெய் பளபளத்தது. "நவுரும்மா, நானே போடுதேன்" என்று மவுஸைப் பிடித்து 'தடை'யை அழுத்தினார். பெட்டி அரை விரல் நகர்ந்தது. வரி சிவக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி நகர்ந்தது. படியில் துண்டோடு இறங்கிய ஒரு குடும்பத்தை அக்கா கையை விரித்து மறித்தாள். மற்ற லாட்ஜுகளில் யார் மறிப்பது? மவுஸைப் பிடுங்கி அழுத்தினேன். சட்டென்று சிவந்தது.

"ஒனக்குக் கேக்குது, எனக்குக் கேக்க மாட்டேங்கு?"

"கையில எண்ணெய் அண்ணாச்சி! தொடச்சிட்டுப் பிடிக்க வேண்டியதுதான?" என் வாய் சும்மா இருக்காது.

"குத்தாலத்துல இருந்துக்கிட்டு எண்ணெய் ஆவாதுங்கியே, நல்லாருக்கா? சீசன்ல எவன் கை காஞ்சிருக்கு? இது சரிப்படாதும்மா. மத்தவங்ககிட்டயும் வேண்டாம்னு சொல்லிருதேன்."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் அவர் சொன்னது உறைத்தது. நான் காய்ந்த கையோடு உட்கார்ந்து எழுதியவள். எண்ணெய் விரல் அழுத்தும்போதே நூலிழை வழுக்கும். அந்த நூலிழையை என் பெட்டி இழுவை என்று எடுத்துக்கொண்டு, அழுத்தியதை விழுங்கிவிடுகிறது!

"அண்ணாச்சி, தண்ணி வடியட்டும். அதுக்குள்ள சரி பண்ணித் தாரேன். அதுக்கப்புறம் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். வேண்டியது சில வரிகள்தான். கொஞ்ச தூரம் தாண்டும்வரை அசைவை அசைவாகவே நினைக்காதே, அதற்குள் விரல் எழுந்துவிட்டால் அது அழுத்தம், தாண்டினால்தான் இழுவை. எழுதிவிட்டேன். சோதிக்க என் காய்ந்த கையை நம்ப முடியாது. பின்கட்டுக்கு ஓடி, மசாஜ் போடும் காஜா பாயிடம் இரண்டு கையையும் நீட்டினேன்.

"எண்ணெய் ஊத்துங்க பாய்."

"கைக்கு மட்டுமாம்மா?"

"கைக்கு மட்டும்தான். தாராளமா ஊத்துங்க!"

மற்ற லாட்ஜுகளோடு இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் வழிய வழிய அழுத்தினேன், இழுத்தேன், மறுபடி அழுத்தினேன். பிறகு இணைப்பைக் கொடுத்தேன். போன் மறுபடி வந்தது. தண்ணீர் குறைந்துவிட்டதாம், குளிக்க விடுகிறார்களாம். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்கட்டுக்குப் போய், இன்னொரு கை எண்ணெய் வாங்கிப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்ன வீம்பு பாருங்கள்!

'குளிக்கலாம்' மேல் அழுத்தினார். மவுஸ் வழுக்கியது. பெட்டி அசையவில்லை. வரி பச்சையாயிற்று. பிறகு பெட்டியின் நடுவில் பிடித்து இழுத்தார். சாதுவாக வந்தது.

"ஏ தங்கபுஷ்பம், இங்கன பாரு, சொன்ன பேச்சு கேக்குது!" என்று கூவிவிட்டு, அவரே போனை எடுத்து இன்னொரு லாட்ஜ்காரருக்கு நம்பர் போட்டார். "ஏலே, சோலியப் போட்டுட்டு ஒடனே இங்கன வா. கையத் தொடைக்காம வரணும், கேட்டியா?"

அக்கா விலகி வழிவிட, காத்துக்கிடந்த துண்டுகளும் பிள்ளைகளும் சாரலில் கத்திக்கொண்டு இறங்கின. எனக்கும் அவர்களோடு சேர்ந்து கத்த வேண்டும் போலிருந்தது. மேஜைமேல் என் செல்போன் அதிர்ந்தது. மாரிச்செல்வம். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான், டிக்கெட் இருக்கட்டுமா, ரத்து செய்யட்டுமா. பச்சை வட்டத்தைத் தொட்டு மேலே இழுத்தேன். விரல் வழுக்கியது. வட்டம் பாதிவரை ஏறி, இருந்த இடத்துக்கே இறங்கிவிட்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி இறங்கியது. "இருங்க, இருங்க, வச்சிராதிய" என்று எடுக்காத போனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே, எண்ணெய் விரலால் அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தேன்.