முந்நூற்றுக்கு மேல் போகாத முள்

திங்கட்கிழமை விடியப்புறம் ஐந்தரைக்கு, வாய்க்கால் றோட்டில் பனிப்புகார் கலையாமல் கிடந்த நேரம், குகதாசன் தன் காரை ஜெயரூபி வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தினான். நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்தான். யுத்தத்தின் எரிபொருள் தடைக்காலத்தில் வளர்ந்த கை அது. டீசலைப் போத்தலில் வாங்கிய நாட்களில், நின்ற வண்டி உறுமினால் ஊரே திரும்பிப் பார்த்து ஏசும். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்ற செய்தி அவனுடைய மற்ற உறுப்புகளுக்கெல்லாம் கிடைத்துவிட்டது. வலது கைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்றைக்குத்தான் இந்த வாடகைக் காருக்கு அவளோடு கடைசி ஹயர். முல்லைத்தீவில் அரச அலுவலகமான கச்சேரியில் வேலைபார்க்கும் ஜெயரூபி, மூன்று மாதத்துக்கு முன் ஸ்கூட்டியால் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து திங்கள் காலை கொண்டுபோய் விடுவதும் வெள்ளி பின்னேரம் கூட்டிவருவதும் குகதாசன்தான். இப்போது கால் சுகம். இந்த வெள்ளி அவள் பஸ்ஸில் வருவாள். நாற்பத்துநான்கு வயதுவரை ஒருத்தியிடமும் கேட்காத கேள்வியை இன்று அறுபது கிலோமீற்றருக்குள் அவன் கேட்டாக வேண்டும்.

நம்பிக்கைக்கு ஒரேயொரு ஆதாரம் இருந்தது. வன்னியில் ஹயர் ஓடுகிறவன் எவனும், ஆள் ஏறிக் கதவு சாத்துவதற்குள் 'அண்ணை' ஆகிவிடுவான். ஜெயரூபி இந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறெப்படியும் கூப்பிட்டதில்லை என்பதை அவன் பெரிதாக எடுக்கவில்லை.

"வெளிக்கிடுவமோ?" என்றபடி முன் ஆசனத்தில் ஏறினாள்.

"ஓம் மிஸ்."

அது அவனைவிடப் பத்து வயது மட்டும் குறைந்த டீசல் கார். ரேர்போ உள்ளது. எஞ்சின் தள்ளிவிடும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுபுறச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும். காற்று கூடினால் வலுக் கூடும். இதைத் தொலைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்துத்தான் குகதாசனின் புத்தி கெட்டது. போன மாதம் ஒருநாள் ஜெயரூபி, "உங்கட கார் நித்திரை கொள்ளுதோ?" என்று கேட்டிருந்தாள். முந்தாநாள் சனிக்கிழமை அவன் படுத்தபடி உள்ளே கையை விட்டு, அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் தண்டின் திருகாணியை மூன்று சுற்று முறுக்கிவிட்டான்.

பரந்தன் சந்தி தாண்டியதும் கார் விசிலடிக்கத் தொடங்கியது. மெல்லிய, நீண்ட விசில். புகாருக்குள் வயல்கள் மிதந்தன; தென்னைகள் அடியில்லாமல் தலைமட்டும் நின்றன; றோட்டு எங்கோ மேலே போவதுபோல இருந்தது. சிவப்பு பஸ் ஒன்றைக் கார் ஒரே மூச்சில் முந்தியது.

"ஐயோ, பறக்குது!" என்றாள் ஜெயரூபி.

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. தருமபுரத்தில் கேட்போம் என்று நினைத்தான், தருமபுரம் போய்விட்டது. விசுவமடுவில் என்று வாயைத் திறந்தான். விசுவமடுவும் பின்னால் ஓடியது. கேள்வி கேட்கவென்று எடுத்த றோட்டை அவனே விழுங்கிக்கொண்டிருந்தான்.

புதுக்குடியிருப்பு தாண்டியதும் விசில் முனகலாக மாறியது. கண்ணாடியில் கரும்புகை. சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. வலது கை யாரையும் கேட்காமல் சாவியைத் திருப்பியது.

போனில் கூப்பிட்ட மெக்கானிக் முன்ஸிர், தண்ணீரூற்று ஊரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துசேர அரைமணி ஆனது. குகதாசனோடொத்த வயது, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் புத்தளத்துக் கராச்சுகளில் தொழில் பழகியவன். எஞ்சினுக்குள் தலையை விட்டவன் உடனே வெளியே எடுத்தான்.

"ஆர் இதை முறுக்கினது?"

"ஏன், பிழையோ?"

"எத்தினை சுத்து?"

"மூண்டு."

"மூண்டோடை ஏன் விட்டனி? ஏழு சுத்திக் கும்பிட்டிருக்கலாமே." முன்ஸிர் காருக்குள் இருந்தவளைப் பார்த்தான், நண்பனைப் பார்த்தான், குரலைத் தணித்தான். "மச்சான், இது எஞ்சினில வந்த வருத்தமில்ல."

"சும்மா இரடா."

"கேள்." முன்ஸிரின் குரல் பழையபடி உயர்ந்தது. "காத்தைக் கூடுதலா அமுக்கினா அது கொதிக்கும். கொதிச்ச காத்து மெலிஞ்சு ஐதாப் போயிடும். பத்து இறாத்தல் அமுக்கி ஆறு இறாத்தல் பலனும் எடுக்கமாட்டாய். மிச்சமெல்லாம் சூடு. இந்தக் கிழட்டு எஞ்சினுக்கு ஆறுதான் எல்லை. கூடினா ஹெட் வெடிக்கும். அதோடை, ஓடிவந்த உடன நிப்பாட்டுற பழக்கத்தையும் விடு. சக்கரம் நிமிசத்துக்கு ஒரு லச்சம் சுத்துது. நீ நிப்பாட்டினா அதுக்கு எண்ணெய் போறது நிண்டிடும், உள்ள நிண்ட எண்ணெய் கருகும். போய்ச் சேந்த பிறகு ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடு."

தண்ணீர் ஊற்றி, திருகாணியைப் பின்னுக்குத் திருப்பி முடித்ததும், முன்ஸிர் பையிலிருந்து ஆட்களுக்கு இரத்தப் பிரஷர் பார்க்கும் வட்ட மணிக்கூடு ஒன்றை எடுத்தான். டிஸ்பென்சரியில் கழித்துவிட்டது. கைப்பட்டி இல்லை, சேலைன் குழாய் மட்டும் இருந்தது. அதை எஞ்சினில் செருகி, யன்னலால் உள்ளே விட்டு, மணிக்கூட்டை ஜெயரூபியின் கையில் கொடுத்தான்.

"தங்கச்சி, முந்நூறு எண்டா ஆறு இறாத்தல். முள் அங்க போக விடாதேங்கோ. அதுக்கு மேல இதில இலக்கமும் இல்ல, அவனுக்குப் புத்தியும் இல்ல."

"மணிக்கு நாப்பதில போகட்டோ?" என்றான் குகதாசன்.

"நாப்பதுக்கு மேல போனா நடந்துதான் வருவாய்."

கார் ஊர்ந்தது. வட்டுவாகல் பாலத்தில் ஏறியபோது வெயில் இன்னும் முற்றவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், கரை தெரியாத வெள்ளை. ஒடுங்கிய பாலம் முடிவில்லாமல் நீண்டது. தண்ணீரில் நின்ற கொக்கொன்று அவர்களைவிட வேகமாக நடப்பதுபோலத் தெரிந்தது. மடியில் மணிக்கூட்டை வைத்து ஜெயரூபி மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நூற்றி இருவது… நூற்றி அறுவது… மெல்ல, மெல்ல… இப்ப நூறு."

இலக்கங்களுக்கு இப்படியொரு குரல் உண்டென்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பாலம் முடிந்ததே தெரியவில்லை.

கச்சேரி வாசலில் கார் நின்றது. கை சாவிக்குப் போனது. ஜெயரூபி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரெண்டு நிமிசம்."

எஞ்சின் மெதுவாக முணுமுணுத்தது. அவள் கையை எடுக்க மறந்ததா, எடுக்கவில்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை.

"ஏன் அதை முறுக்கினனீங்கள்?"

"கார் நித்திரை கொள்ளுதோ எண்டு கேட்டியளெல்லோ."

"நான் அப்பிடிக் கேட்டனானோ?" உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை.

ஒரு மனிதன் சனிக்கிழமை முழுவதும் எண்ணெயில் புரண்டது ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு வசனத்துக்காக. இதற்குமேல் வெட்கப்பட அவனிடம் வெட்கம் மிச்சமில்லை. அதனால் பயமும் போய்விட்டது.

"வேகமாப் போனா நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன், மிஸ். ஆனா வேகமாப் போனா றோட்டு கெதியா முடிஞ்சிடுது. எனக்கு இந்த றோட்டு முடியக்கூடாது. என்னைக் கலியாணம் கட்டுவியளோ எண்டு கேக்கத்தான் பரந்தனிலயிருந்து வாயைத் திறந்து திறந்து மூடினனான்."

"நான் பல்லு நோகுதாக்கும் எண்டு நினைச்சன்," என்றாள்.

பிறகு முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். கந்தோர் ஆட்கள் இருவர் மூவராக உள்ளே போனார்கள். ஒருத்தி கைகாட்டினாள், ஜெயரூபி அதைக் காணவில்லை.

"வெள்ளிக்கிழமை நாலரைக்கு வாங்கோ," என்றாள் கடைசியில். "ஹயருக்கு இல்ல. நாப்பதிலயே போவம். வீடு போய்ச் சேர ஒண்டரை மணித்தியாலம் வரும். அதுக்குள்ள நான் மறுமொழி சொல்லிப்போடுவன்."

மணிக்கூட்டை அவன் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நொண்டவில்லை.

திரும்பும் வழியில், புதுக்குடியிருப்புக்குக் கிட்ட, பின்னால் வைக்கோல் ஏற்றிவந்த ட்ராக்டர் ஒன்று பொறுமையிழந்து கோர்ன் அடித்தது. குகதாசன் ஓரமாக ஒதுங்கி, கையைக் காட்டி, அதைப் போகவிட்டான்.